ஏட்டில் ஏறாத நோய்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் ஒரு நூலைப் பற்றியது. 1952-ஆம் ஆண்டு முதல் அவ்வப்போது திருத்திப் பதிப்பிக்கப்பட்டு வரும் டி.எஸ்.எம். என்னும் அந்த நூல், மனத்தைப் பற்றும் நோய்களுக்கெல்லாம் பெயரும் இலக்கணமும் வகுத்துத் தருவது. ஒரு சங்கம் தன் அங்கத்தினரின் உபயோகத்துக்கென்று பிரசுரித்த கைநூலாகவே அது பிறந்தது. ஆயினும் இன்று அந்நாட்டில் ஒரு நோயாளியின் சிகிச்சைச் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்பதா மறுப்பதா என்பதும், ஓர் ஆராய்ச்சிக்குச் சர்க்காரின் நிதியுதவி கிட்டுமா என்பதும், நீதிமன்றத்தில் ஒருவருடைய மனத்துன்பத்தைப் பற்றி நிபுணர் கூறும் சாட்சியம் எவ்வளவு மதிக்கப்படும் என்பதும், பெருமளவுக்கு அந்த நூலின் பக்கங்களைக் கொண்டே நிர்ணயமாகின்றன. 2013-இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பிலும், 2022-இல் வந்த அதன் திருத்தப் பதிப்பிலும் இடம் மறுக்கப்பட்ட ஒரு நோய்க்கு இடம் கேட்டு வாதாடவே உங்கள் முன் நிற்கிறேன். உலக சுகாதார ஸ்தாபனம் தன்னுடைய நோய் அட்டவணையில் அதை ஏற்றுக்கொண்டு 'சிக்கலான பி.டி.எஸ்.டி.' என்று பெயரிட்டிருக்கிறது.

பி.டி.எஸ்.டி. என்று சுருக்கமாக வழங்கும் நோயைப் பற்றி நீங்கள் அனைவரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்முனையிலிருந்து மீண்ட சிப்பாயோ, ரயில் விபத்தில் உயிர் தப்பிய பிரயாணியோ, பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணோ, அந்தச் சம்பவம் முடிந்து மாதங்கள் பல கடந்த பின்னும் அது இந்தக் கணத்தில் நடப்பதுபோலவே மீண்டும் மீண்டும் அனுபவிப்பதும், அதை நினைவூட்டும் இடத்தையும் மனிதரையும் பேச்சையும் அஞ்சி விலகுவதும், ஆபத்து இன்னும் அருகிலேயே இருப்பதாக எண்ணி உறக்கமின்றித் திடுக்கிட்டுக்கொண்டிருப்பதும் அந்த நோயின் பிரதான லட்சணங்கள். ஆனால் துன்பம் ஒரு பொழுதில் வந்து ஒரு பொழுதில் போவதாக இல்லாமல், தப்பிச் செல்ல வழியற்ற ஓரிடத்தில், ஆண்டுக்கணக்கில், அதுவும் பல சமயங்களில் அன்பு காட்டக் கடமைப்பட்ட ஒருவர் கையாலேயே வந்துகொண்டிருந்தால், அந்த மனிதருக்கு நேர்வது இந்த மூன்றோடு நிற்பதில்லை. சிறு காரணத்துக்கும் கோபமோ அழுகையோ கட்டுக்கடங்காமல் பொங்குகிறது. அல்லது எந்த உணர்ச்சியும் தோன்றாமல் மனம் மரத்துப்போகிறது. தான் இழிந்தவன், தோற்றவன், எதற்கும் அருகதையற்றவன் என்ற எண்ணம் எலும்புவரை ஊறிவிடுகிறது. பிறரை நெருங்குவதும், நெருங்கியவரிடம் நிலைத்திருப்பதும் அசாத்தியமாகின்றன. முதல் மூன்றோடு இந்த மூன்றும் கூடி, வாழ்க்கையின் அலுவல்களைக் கெடுக்கும் அளவுக்கு நிலைபெறும்போது, அதைத் தனி நோயாகக் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு.

இது நேற்று முளைத்த புதுக் கருத்து என்று சிலர் எண்ணுவதால், இதன் பூர்வ சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். அமெரிக்க நூலைப் பற்றிய விவாதத்தில் பெரும்பாலும் மறந்துபோகும் ஒரு விருத்தாந்தத்திலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், மேற்கு ஜெர்மனி, நாஜிகளின் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு நஷ்டஈடு வழங்க 1956-இல் விரிவான சட்டம் ஒன்றை இயற்றியது. வதைமுகாம்களிலிருந்து உயிரோடு வெளிவந்து நியூயார்க்கிலும் பிற நகரங்களிலும் குடியேறியிருந்த யூதர்கள், தங்கள் உடல்நலம் கெட்டதற்காக அச்சட்டத்தின்கீழ் ஈடு கோர வேண்டுமானால், சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 25 பங்காவது குறைந்திருக்கிறது என்றும், அந்தக் குறைவுக்குக் காரணம் முகாமில் பட்ட துன்பமே என்றும், மருத்துவர் எதிரே அமர்ந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. கை முறிந்தவர் காட்டலாம். காசநோய் பற்றியவர் காட்டலாம். தாயும் தந்தையும் மனைவியும் மக்களும் கொல்லப்பட்டு, தாம் மட்டும் எஞ்சி, இரவில் அலறி எழுந்து, பகலில் யாரோடும் பேச முடியாமல் இருந்தவர் எதைக் காட்டுவது? அக்காலத்து ஜெர்மன் மனநோய் சாஸ்திரத்தில் மேலோங்கியிருந்த கொள்கையோ, வெளியிலிருந்து வரும் எந்தத் துன்பமும் நீங்கியபின் ஆரோக்கியமான மனம் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதாக இருந்தது. திரும்பாவிட்டால், அந்த மனத்தில் பிறவியிலேயே ஏதோ குறை இருந்திருக்க வேண்டும் என்று பல நிபுணர்கள் எழுதினார்கள். கோரிக்கைகள் பல தள்ளுபடியாயின. வதைத்தவன் செய்த தீங்கு, வதைபட்டவனுடைய பரம்பரையின் குறையாக எழுதப்பட்ட அந்த அறிக்கைகளைப்போல் வைத்தியத்தின் பெயரால் நடந்த அநீதி வேறு ஒன்றை எடுத்துக்காட்டுவது அரிது.

அதை எதிர்த்து நின்ற மருத்துவர்களும் இருந்தார்கள். தாமே ஜெர்மனியிலிருந்து அகதியாகத் தப்பி வந்து நியூயார்க்கில் தொழில் செய்த வில்லியம் நீடர்லாண்ட், இவ்வாறு ஈடு கோரி வந்தவர்களைப் பரிசோதித்து, அவர்களிடம் ஒத்த லட்சணங்கள் திரும்பத் திரும்பக் காணப்படுவதை 1960-களில் எழுதி வெளியிட்டார். கர்ட் ஐஸ்லர் என்ற மனப்பகுப்பாய்வாளர் 1963-இல், இந்த நிபுணர்களின் மனசாட்சியையே கேள்விக்குள்ளாக்கிக் கடுமையாக ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மனியிலேயே உல்ரிஷ் வென்ட்ஸ்லாஃப் என்பவர், கொடிய அனுபவம் ஒன்றினாலேயே ஒரு மனிதருடைய சுபாவம் நிரந்தரமாக மாறிவிடக்கூடும் என்று 1958-இல் வாதித்தார். அவர் அன்று சொன்ன கருத்துத்தான், உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்தாம் அட்டவணையில், வதைமுகாம், சித்திரவதை முதலியவற்றுக்குப் பின் நேரும் நிலையான ஆளுமை மாற்றம் என்ற தனித் தலைப்பாக இடம்பெற்றது. அந்தத் தலைப்பின் ஸ்தானத்தில்தான் பதினோராம் அட்டவணையில் சிக்கலான பி.டி.எஸ்.டி. அமர்ந்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்த மரபு இது.

அமெரிக்காவின் கதை வேறு வழியில் சென்றது. 1952-ஆம் ஆண்டுப் பதிப்பில், போர் போன்ற கடுஞ்சூழ்நிலைகளில் நேரும் மனப் பாதிப்புக்கு ஒரு பெயர் இருந்தது. 1968-இல் வந்த இரண்டாம் பதிப்பில், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த அந்த வருஷத்திலேயே, அது நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே காடுகளிலிருந்து திரும்பிய இளைஞர்கள் ஆஸ்பத்திரிப் படிகளை ஏறியபோது அவர்களுடைய துன்பத்துக்கு ஏட்டில் பெயர் இல்லை. 1970-இல், ராபர்ட் லிஃப்டன், சைம் ஷட்டான் என்ற இரு மனநல மருத்துவர்கள், போரை எதிர்த்த முன்னாள் சிப்பாய்களோடு நியூயார்க்கில் வட்டமாக அமர்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்கத் தொடங்கினார்கள். ஷட்டான் 1972-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் அந்த நோயைப் பற்றி எழுதினார். மூன்றாம் பதிப்பைத் தயாரித்துக்கொண்டிருந்த ராபர்ட் ஸ்பிட்சரின் குழுவை அவர்கள் விடாமல் அணுகினார்கள், சான்றுகளைத் திரட்டினார்கள், 1980-இல் பி.டி.எஸ்.டி. ஏட்டில் ஏறியது. அதன் பலனாக ஆராய்ச்சி பெருகியது. 1989-இல் முன்னாள் படைவீரர் இலாகாவின்கீழ் அந்நோய்க்கென்றே ஒரு தேசிய நிலையம் அமைந்தது. ஏட்டில் ஒரு பெயர் ஏறினால் உலகத்தில் என்ன மாறும் என்று ஐயுறுவோர் இந்தப் பத்தாண்டுச் சரித்திரத்தை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிப்பாய்கள் வட்டமாக அமர்ந்து பேசிய அதே காலத்தில் பெண்களும் பேசத் தொடங்கியிருந்தார்கள். பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் ஆன் பர்ஜெஸ் என்ற செவிலியர் பேராசிரியையும், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியல் அறிஞரும், பலாத்காரத்துக்கு ஆளாகி அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த பெண்களைச் சந்தித்து, அவர்களிடம் கண்ட மனப் பாதிப்பை 1974-இல் விவரித்தார்கள். அடுத்த ஆண்டு, 1975-இல் வந்த ஒரு பெரிய மனநோய்ப் பாடநூலோ, குடும்பத்துக்குள் குழந்தைகள்மீது நடக்கும் பாலியல் அக்கிரமம் பத்து லட்சத்தில் ஓரிருவருக்கே நேர்வது என்று எழுதியிருந்தது. மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் அதைத்தான் படித்தார்கள். ஒரு நோயாளி தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி வாய் திறந்தால், அது கற்பனையாக இருக்கலாம் என்று கருதுமாறு பயிற்றப்பட்ட தலைமுறை அது.

அந்தத் தலைமுறையின் நடுவிலிருந்து எழுந்தவர் ஜூடித் ஹெர்மன். மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கான ஒரு சிகிச்சைத் திட்டத்தை மேரி ஹார்வியோடு சேர்ந்து 1984-இல் நிறுவியவர். தந்தையரால் கெடுக்கப்பட்ட மகள்மாரைப் பற்றி 1981-இல் நூல் எழுதியவர். 1992-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையிலும், அதே ஆண்டில் வந்த, அதிர்ச்சியையும் மீட்சியையும் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலிலும், யாரும் அதுவரை அவ்வளவு துணிவோடு சேர்த்து வைத்துப் பாராத இரண்டு இடங்களை அவர் ஒன்றாக வைத்துக் காட்டினார். ஒன்று, போர்க்கைதிகளும் வதைமுகாம் கைதிகளும் அடைபட்ட சிறை. மற்றொன்று, கதவுகள் திறந்தே இருக்கும் வீடு. குழந்தைக்கு வேறு போக்கிடம் இல்லை. அடிபடும் மனைவிக்குக் கையில் பணமும், புகலிடமும், பின்தொடர்ந்து வந்து கொல்லமாட்டான் என்ற உறுதியும் இல்லை. ஆதலால் அங்கே கம்பிவேலி தேவைப்படுவதில்லை. ஒருவருடைய முழு அதிகாரத்தின்கீழ் மற்றொருவர் நெடுங்காலம் அகப்பட்டுக் கிடக்கும் நிலையே இரண்டிலும் பொது. அந்த நிலை மனிதருடைய ஆளுமையையே அரித்துவிடுகிறது. 1980-இல் வகுத்த இலக்கணம் இதைக் கொள்ளப் போதாது. புதிய பெயர் வேண்டும் என்றார் அவர். அவர் முன்மொழிந்த பெயரே இன்று உலக அட்டவணையில் இருக்கிறது.

அமெரிக்க நூலின் நான்காம் பதிப்பு தயாரான காலத்தில், பெஸ்ஸல் வான் டெர் கோல்க் முதலியோர் முன்னின்று இந்த லட்சணத் தொகுப்பைக் கள ஆய்வில் சோதித்தார்கள். இளம் வயதிலேயே, பிற மனிதர் கையால், நீண்டகாலம் துன்பப்பட்டவர்களிடம் அது மிகுந்து காணப்பட்டது. ஆயினும் 1994-இல் நூல் வெளிவந்தபோது, அந்த லட்சணங்கள் பி.டி.எஸ்.டி.யோடு கூடி வரக்கூடியவை என்று விளக்கப் பகுதியில் சொல்லப்பட்டனவே ஒழிய, தனி நோயென்ற ஸ்தானம் தரப்படவில்லை. பின்னர், குழந்தைகளுக்கென்று வளர்ச்சிக்கால அதிர்ச்சிக் கோளாறு என்ற மற்றொரு பிரேரணையை, அமெரிக்கக் காங்கிரஸின் சட்டத்தால் உருவான குழந்தைகள் அதிர்ச்சி சிகிச்சைக் கூட்டமைப்பைச் சேர்ந்த அறிஞர்கள் 2009-இல் சமர்ப்பித்தார்கள். அதுவும் ஏற்கப்படவில்லை. ஐந்தாம் பதிப்பின் சார்பில் 2012-இல் வெளியான மதிப்பீடு, சிக்கலான பி.டி.எஸ்.டி.க்கு ஒருமித்த இலக்கணமும் அளவுகோலும் இன்னும் அமையவில்லை, சான்று போதாது என்று முடிவு கூறியது. அன்றைய நிலையில் அந்த முடிவில் ஓரளவு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. ஒவ்வோர் ஆராய்ச்சியாளரும் ஒவ்வோர் அளவுகோலை வைத்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் அதற்குப் பரிகாரமாக ஐந்தாம் பதிப்பு செய்தது என்ன? பி.டி.எஸ்.டி.யின் இலக்கணத்தையே அகலப்படுத்தி, 17 லட்சணங்களை 20 ஆக்கி, தன்னைப் பற்றிய இழிவெண்ணத்தையும், தன்னையே கெடுத்துக்கொள்ளும் பொறுப்பற்ற நடத்தையையும் அதற்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. அதன் விளைவாக, அந்த ஒரு பெயரின்கீழ் 6,36,120 விதமான லட்சணச் சேர்க்கைகள் அடங்கக்கூடும் என்று கேலட்சர்-லெவி, பிரையன்ட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். வேறு வேறு துன்பங்களை ஒரே சாக்கில் திணித்துக் கட்டியதால் அந்தப் பெயரின் தெளிவு குன்றியதே தவிர, நெடுந்துன்பம் பட்டவர்க்கு நன்மை விளையவில்லை.

நன்மை விளையாதது எப்படி என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். அமெரிக்க நகரம் ஒன்றில் வாழும் நாற்பது வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பித்துக்கொள்ளுங்கள். எந்த ஒருத்தியின் சரிதமும் அன்று இது, எனினும் சிகிச்சை அறைகளில் இதையொத்த கதைகளைக் கேளாத மருத்துவர் இல்லை. ஆறு வயது முதல் பதினைந்து வரை வளர்ப்புத் தந்தையின் அக்கிரமத்துக்கு ஆளானவள்; பின்பு மணந்தவனிடமும் அடிபட்டவள். முதல் மருத்துவர் அவளுடைய சோர்வையும் அழுகையையும் பார்த்து மனச்சோர்வு நோய் என்று எழுதுகிறார். அடுத்தவர், ஒரே நாளில் சினமும் வெறுமையும் மாறி மாறி வருவதைப் பார்த்து பைபோலார் என்கிறார். மூன்றாமவர், கையைக் கீறிக்கொண்ட வடுக்களைப் பார்த்து பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்கிறார். இரவைக் கடத்தக் குடிக்கத் தொடங்கியபோது குடிநோய் என்று நான்காவதாக ஒரு பெயர் சேர்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மாத்திரை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தனிக் கோப்பு. இத்தனை பெயர்களில் ஒன்றேனும், அந்த வீட்டில் ஒன்பது ஆண்டுகள் நடந்ததைத் தன் இலக்கணத்தின் பகுதியாகக் கொண்டதில்லை. இவற்றுள் பார்டர்லைன் என்ற பெயர் ஆஸ்பத்திரிகளில் எவ்வளவு வெறுப்போடு உச்சரிக்கப்படுகிறது என்பது அங்கே பணிபுரிவோர் அறிந்தது. முரண்டு பிடிப்பவள், நாடகமாடுபவள், மற்றவர்களை ஆட்டிவைப்பவள் என்ற அபிப்பிராயம், அவள் அறைக்குள் நுழைவதற்கு முன்பே நுழைந்துவிடுகிறது. தான் கெட்டவள் என்று குழந்தைப் பருவத்திலேயே நம்பவைக்கப்பட்டவளுக்கு, வைத்தியமும் அதையே சொல்வதாகத் தோன்றினால், அவள் மறுமுறை வருவாளா?

பி.டி.எஸ்.டி. என்றாவது எழுதலாமே என்பீர்கள். எழுதுகிறார்கள், அது இல்லாததைவிட மேல். ஆனால் அந்தப் பெயருக்குரிய சிகிச்சைமுறைகளை வகுத்த ஆய்வுகள் பல, ஒரு கொடிய நினைவை எடுத்து, அதைச் சில வாரங்களில் ஒழுங்காகச் சொல்லிச் சொல்லி அதன் விஷத்தை இறக்குவதைக் குறிக்கோளாகக் கொண்டவை. இவளுக்கு எந்த நினைவை எடுப்பது? ஒன்பது ஆண்டுகளின் இரவுகளில் எதை? உணர்ச்சியை அடக்கியாளவும், ஒருவரை நம்பிப் பேசவும், உதவி தேடவும் சிறுவயதில் கற்கவேண்டியதைக் கற்க விடாமல் தடுத்ததே அவளுக்கு நேர்ந்த பெருந்தீங்கு. மேரிலீன் க்ளோய்ட்ரும் அவருடைய சகாக்களும், அந்தத் திறன்களை முதலில் பயிற்றி, அதன்பின் நினைவுகளை எடுத்துப் பேசும் ஒரு சிகிச்சைமுறையை வகுத்து, குழந்தைப் பருவத்தில் கொடுமைப்பட்ட பெண்களிடம் சோதித்து, அதன் பலனை 2010-இல் வெளியிட்டார்கள். இத்தகைய நீண்ட சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி செலவு தரவேண்டுமானால், அதற்கேற்ற நோயின் பெயர் சீட்டில் இருக்க வேண்டும்.

மறுப்புரைகளுக்கு வருகிறேன். அவற்றைக் கூறுவோர் கல்நெஞ்சர்கள் அல்லர். பலர் வாழ்நாளெல்லாம் இதே நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர்கள்.

இது பார்டர்லைன் நோயின் மறுபெயரே என்பது ஒரு மறுப்பு. இரண்டும் சில இடங்களில் உராய்வது உண்மை. ஆனால் 2014-இல் க்ளோய்ட்ர் குழுவினர், குழந்தைப் பருவக் கொடுமைக்கு ஆளாகிச் சிகிச்சைக்கு வந்த பெண்களின் லட்சணங்களைப் புள்ளியியல் முறையில் பகுத்துப் பார்த்தபோது, இரு கூட்டத்தாரும் வெவ்வேறாகவே பிரிந்தார்கள். பார்டர்லைன் நோயில், கைவிடப்படுவோமோ என்ற பதைப்பும், ஒருவரைத் தெய்வமாகவும் மறுகணம் சத்துருவாகவும் காணும் ஊசலாட்டமும், தான் யார் என்ற நிலையின்மையும் மிகுதி. சிக்கலான பி.டி.எஸ்.டி.யிலோ, தன்னைப் பற்றிய இழிவெண்ணம் ஊசலாடுவதில்லை, நிலைத்து நிற்கிறது. உறவுகளைப் பற்றிக்கொள்வதைவிட விட்டு விலகுவதே மிகுதி. இரண்டுக்கும் சிகிச்சையின் நோக்கம் வேறாக வேண்டியிருக்கிறது.

மற்றொரு மறுப்பு என் மனத்தில் ஆழ்ந்து தைத்தது. சிக்கலானது என்று பெயரிட்டுவிட்டால், மருத்துவர்கள் அஞ்சி, நோயாளி இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிச் சொல்லி, பலன் தரும் சிகிச்சையை மாதக்கணக்கில் ஒத்திப்போடுவார்கள் என்று நெதர்லாந்தின் டி யோங் முதலியோர் 2016-இல் எச்சரித்தார்கள். நியாயமான எச்சரிக்கை. நேரடியாக நினைவுகளை எடுத்துப் பேசும் சிகிச்சையால் இவர்களுள்ளும் பலர் குணமடைகிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. அந்த வாய்ப்பை யாருக்கும் மறுக்கலாகாது. எனினும் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், யாருக்கு எந்த முறை பலிக்கிறது என்று சோதித்தறிய வேண்டும். சோதிப்பதற்கு, பி.டி.எஸ்.டி. மட்டும் உள்ளவர்களையும் சிக்கலான பி.டி.எஸ்.டி. உள்ளவர்களையும் முதலில் பிரித்துக் குறிக்க வேண்டும். ஏடு பிரித்துக் குறிக்காதவரை, அமெரிக்காவின் பெரும் ஆராய்ச்சிகளில் இவர்கள் மற்றவர்களோடு கலந்து மறைந்தே போவார்கள்.

வாழ்வில் சிறு கஷ்டம் கண்டவரெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வார்கள் என்ற அச்சத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் இலக்கணம் கண்டிப்பானது: மிகுந்த அச்சுறுத்தலான அல்லது மிகக் கொடிய நிகழ்ச்சி இருந்திருக்க வேண்டும்; பி.டி.எஸ்.டி.யின் மூன்று லட்சணங்களும் முழுதாக இருக்க வேண்டும். அதன்மேல் மற்ற மூன்றும் இருக்க வேண்டும். இவற்றால் குடும்பம், தொழில், சமூக வாழ்வு ஆகியவை சீர்குலைந்திருக்க வேண்டும். அந்த இலக்கணத்தைக் கொண்டு அமெரிக்க மக்கள்தொகையின் ஒரு மாதிரிப் பகுதியை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 3.4 பேரிடம் பி.டி.எஸ்.டி.யும், 3.8 பேரிடம் சிக்கலான பி.டி.எஸ்.டி.யும் காணப்பட்டன. ஏட்டில் உள்ள நோயைவிட ஏட்டில் இல்லாத நோய் குறைந்ததாக இல்லை.

2012-இல் குறையாகச் சொல்லப்பட்ட ஒருமித்த இலக்கணம் இப்பொழுது இருக்கிறது. ஆண்ட்ரியாஸ் மெர்க்கர் தலைமையில் இயங்கிய நிபுணர் குழு வகுத்த அதை, 2018-இல் ஸ்தாபனம் வெளியிட்டது. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. 2022 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. அப்பொழுது இல்லாத பொது அளவுகோலும், சர்வதேச அதிர்ச்சி வினாப்பட்டியல் என்ற வடிவில், பல மொழிகளில் புழங்கி வருகிறது. அமெரிக்காவும் காலப்போக்கில் உலக அட்டவணையைப் பின்பற்றத்தானே போகிறது, பொறுத்திருக்கலாமே என்று கூறுவோருக்கு ஒரு செய்தி: பத்தாம் அட்டவணையை உலகப் பேரவை 1990-இல் ஏற்றது, அமெரிக்க ஆஸ்பத்திரிகள் அதன் தம் நாட்டு வடிவத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது 2015 அக்டோபரில். இருபத்தைந்து ஆண்டுகள். இன்று ஆறு வயதான ஒரு குழந்தையை அத்தனை காலம் பொறுத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழ் மக்களாகிய நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று இந்த அவையில் ஒருவர் கேட்கலாம். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயை நிர்ணயிப்பதற்குரிய தரங்களில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆகப் பிந்திய அட்டவணையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் நம் மருத்துவக் கல்லூரிகளில் மனநோய் பயிலும் மாணவர்கள் அமெரிக்க நூலையும் அருகில் வைத்துக்கொண்டே படிக்கிறார்கள், அதன் இலக்கணத்தைக் கொண்டு நடந்த ஆராய்ச்சிகளையே பெரிதும் மேற்கோள் காட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஈழப்போர் மக்களின் மனத்தில் பதித்த வடுக்களைப் பற்றி 1998-இல் நூல் எழுதினார். ஷெல்லடியும் இடப்பெயர்வும் சித்திரவதையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஒரு சமூகத்திலிருந்து அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தவர்கள், தாங்கள் பட்டதை அங்குள்ள மருத்துவரிடம் சொல்லும்போது, அவர் கையில் இருப்பது அந்த நூல்தான்.

என் கோரிக்கையைத் தெளிவாகச் சொல்கிறேன். ஐந்தாம் பதிப்புக்குப் பின் அமெரிக்கச் சங்கம், அடுத்த பதிப்புவரை காத்திராமல், திருத்தங்களுக்கான பிரேரணைகளை எந்நாளும் ஏற்றுப் பரிசீலிக்கும் முறையை ஏற்படுத்தியிருக்கிறது. பிரேரணையோடு சான்றுகள் சமர்ப்பிக்கப்பட வேண்டும். முதற்கட்டத் தேர்வில் தேறியவை பொதுமக்களின் அபிப்பிராயத்துக்கும் வைக்கப்படுகின்றன. அந்த வழியில் சிக்கலான பி.டி.எஸ்.டி. சமர்ப்பிக்கப்பட வேண்டும், சமர்ப்பிக்கப்படும்போது, சிகிச்சை அளிப்போரும், ஆராய்வோரும், எல்லாருக்கும் மேலாக அந்நோயைத் தாங்கி வாழ்வோரும் எழுத வேண்டும். இந்த அவையில் அமெரிக்காவில் பணிபுரியும் மருத்துவர்களின் உறவினர்களும் நண்பர்களும் பலர் இருக்கிறீர்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இது நடவாத காரியம் என்று எண்ண வேண்டாம். நெருங்கியவரை இழந்தபின் ஆண்டுக்கணக்கில் தணியாத துயரத்தை, ஐந்தாம் பதிப்பு 2013-இல், மேலும் ஆராயத்தக்கது என்ற பிற்சேர்க்கையில்தான் வைத்திருந்தது. துயரம் இயல்பானது, அதை நோயாக்கக் கூடாது என்ற எதிர்ப்பும் பலமாக இருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் தன் பதினோராம் அட்டவணையில், சிக்கலான பி.டி.எஸ்.டி.க்கு அடுத்த எண்ணிலேயே, அந்த நீடித்த துயரத்துக்கு இடமளித்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சான்றுகளைத் திரட்டிப் பிரேரித்தார்கள். 2022 மார்ச்சில் வந்த திருத்தப் பதிப்பில் அது முழு நோயாக ஏறியது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கட்டணச் சீட்டில் எழுதுவதற்குரிய எண்ணும் அதற்குக் கிடைத்துவிட்டது. உலக அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் அந்த இரண்டில் ஒன்றுக்குத் திறந்த கதவை மற்றொன்றுக்கும் திறக்கும்படி அந்தச் சங்கத்தைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் ஒன்றை இந்த அவையின் முன் வைக்கிறேன்.